ஒன்றாம் எண் வில்லை

கடலோரப் பட்டணம் ஒன்றின் தென்கோடியில், வீடுகள் முடிந்து உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில், உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கி ஒன்று உண்டு. வியாபாரி கைவிட்டுப் போன அந்தக் கிட்டங்கியில் ஆறாண்டுகளாக ஒரு சபை கூடி வந்தது. ஏழு பேரோடு தொடங்கிய சபை, இக்கதை நடந்த காலத்தில் முந்நூறு பேரைத் தொட்டிருந்தது. உட்காரப் பாய் போதவில்லை. வாசலுக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டார்கள். மாதந்தோறும் புதுக் குடும்பங்கள் வந்தன. பந்தலும் மாதந்தோறும் ஒரு முழம் நீண்டது.

சபையின் போதகர் ஞானப்பூ அம்மாள். உப்பளத் தொழிலாளருக்கு மருந்து கட்டும் நர்ஸாக இருந்து போதகரானவர். வயது நாற்பத்திரண்டு. பேச்சு குறைவு. பேசுகிற நேரத்திலும் அவருடைய கை ஏதேனும் ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அச்சபைக்கு முதன்முதலாக முழுநேர ஊழியராக வந்து சேர்ந்தவர் மதுரநாயகம். வயது ஐம்பத்தொன்பது. ரயில் நிலையத்தில், பிரயாணிகள் சாமான்களை விட்டுச் செல்லும் அறையில் முப்பத்தோராண்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தம் கைக்கு வந்த பெட்டி ஒன்றுகூட மாறிப்போனதில்லை என்பது அவருடைய வாழ்நாட் பெருமை. கேட்டவர்களிடம் மட்டுமன்றிக் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லுவார்.

மூன்று மாதம் பார்ப்பது, பிறகு நிலையாக நியமிப்பது என்று சபைக் கமிட்டி தீர்மானித்திருந்தது. எந்த வேலைக்கு என்பதைப் போதகரே சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் அவர் புதுப் பையோடு வந்தார். பையில் இரண்டு நீள நோட்டுகளும், ஓர் அடிக்கோலும், ஒரு பெயர்ப்பலகையும் இருந்தன. பலகையில், ‘மதுரநாயகம், நிர்வாக ஊழியர்’ என்று எழுதி வாங்கியிருந்தார். கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தார். பலகையை வைக்க மேசை எதுவும் தென்படவில்லை.

“அம்மா, என் வேலை என்ன?” என்று கேட்டார்.

ஞானப்பூ அம்மாள் அவரை மேற்கு வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கேதான் சபையார் செருப்புகளைக் கழற்றிப் போடுவது வழக்கம்.

“ஞாயித்துக்கெழம இங்க நில்லுங்க அண்ணாச்சி.”

“நின்னு?”

“வாறவங்களைப் பாருங்க.”

வேறு ஏதாவது சொல்வார் என்று மதுரநாயகம் காத்திருந்தார். அம்மாள் பாய்களை உதறப் போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. மதுரநாயகம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு செருப்புகளுக்கு நடுவே நின்றார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே பாட்டுச் சத்தம் எழும்போதெல்லாம் ஓரடி வாசலுக்குள் வைப்பார். தம்மை யாரும் அழைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து காலை வெளியே எடுத்துக்கொள்வார். முப்பத்தோராண்டு நாற்காலியில் இருந்த மனிதரைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டார்களே என்று நெஞ்சு பொருமியது. வீட்டில் மனைவி ரூபாவதி, புது வேலை எப்படி என்று கேட்டாள். பொறுப்பான இடத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

இப்படியே ஐந்து ஞாயிறுகள் போயின.

ஒரு வியாழன் காலையில் அவர் மறுபடியும் கேட்டார். கிட்டங்கியின் மூலையில் ஒரு முக்காலியில் அமர்ந்து அம்மாள் யாரோ ஒரு பெண்ணின் காலுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த கால். பார்க்கச் சகியாமல் மதுரநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா, என் வேலை என்னன்னு இன்னும் சொல்லலியே.”

“இந்தப் பஞ்சைக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி.”

அவர் பஞ்சைப் பிடித்தார். கட்டுக் கட்டி முடிகிறவரையில் எதிர்ச் சுவரில் இருந்த ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பெண் எழுந்து நொண்டிக்கொண்டே போனாள். கை கழுவப் போன அம்மாள் திரும்பி வந்தபோது, மதுரநாயகத்தின் கேள்வி கேட்கப்படாததுபோல் ஆகியிருந்தது.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். செருப்பு வாசலில் தம்மை நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அறிவுள்ள அம்மாள், காரணமில்லாமல் செய்யமாட்டார். தாமே கண்டுபிடிக்கட்டும் என்றல்லவா வாயைத் திறக்காமல் இருக்கிறார்? பாதி வழியில் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைத்த வேகத்தில் நடையும் விரைந்தது.

உண்மையில் அந்த வாசல் ஒரு தீராத தொல்லையாகத்தான் இருந்தது. முந்நூறு பேரின் செருப்புகள், வலையிலிருந்து கொட்டிய மீனைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் குனிந்து தேடுவார்கள். இடக்கால் செருப்பு கிடைத்தால் வலக்கால் செருப்பு கிடைக்காது. டோலக் வாசிக்கிற செல்லையா, “என் செருப்பு போன வாரம் வேற காலோட போச்சு, இந்த வாரம் பாவத்தை உணர்ந்து திரும்பி வந்திருக்கு” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பான்.

மதுரநாயகம் தச்சனை வரவழைத்தார். இரண்டு வாரங்களில் நான்கு பெரிய மர அடுக்குகள் தயாராயின. மொத்தம் முந்நூற்று இருபது அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பித்தளை வில்லை. செருப்பை அறையில் வைத்தால் வில்லையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். போகும்போது வில்லையைக் கொடுத்துச் செருப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கையெல்லாம் அவர் அம்மாளிடம் நோட்டில் வரைந்து காட்டினார்.

அம்மாள் நோட்டைப் பார்த்தார். அடுக்குகளையும் பார்த்தார்.

“எல்லாருக்கும் போதுமா அண்ணாச்சி?”

“முந்நூறு பேருக்கு முந்நூத்தி இருவது அறை. ஒரு செருப்பு வெளிய கிடக்காதும்மா.”

“சரி” என்றார் அம்மாள்.

வில்லைகள் வழங்கிய முதல் ஞாயிறு, மதுரநாயகத்தின் வாழ்க்கையில் ஓய்வுக்குப் பின் வந்த நல்ல நாள். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தாம் அறியாமலே அவர் பழைய குரலில், “அடுத்த ஆளு” என்றார். பட்டணத்திலிருந்து காரில் வரும் குடும்பங்கள் அவரை மெச்சின. கமிட்டி உறுப்பினர் ஒருவர், இப்போதுதான் இது சபை மாதிரி இருக்கிறது என்று சொன்னார்.

உப்பளத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பாட்டுத் தொடங்கிய பிறகே வந்து சேர்வார்கள். அன்றும் அப்படியே வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். முன்னால் வந்த பெண்ணிடம் மதுரநாயகம் வில்லையை நீட்டினார்.

“செருப்பு எங்கம்மா?”

அவள் தன் காலைப் பார்த்தாள். அவர் குனிந்து பார்த்தார். அவள் காலில் செருப்பு இல்லை. பின்னால் நின்றவர்கள் கால்களிலும் இல்லை.

சாமான் இல்லாதவருக்கு டோக்கன் இல்லை என்பது முப்பத்தோராண்டுச் சட்டம். அவர் நீட்டிய வில்லையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, உள்ளே போகலாம் என்று கையைக் காட்டினார். நல்ல மனதோடுதான் காட்டினார். பிறகு நோட்டைத் திறந்து, அடிக்கோலால் புதிதாக ஒரு கோடு இழுத்து, ‘காலணி இல்லாதோர்: 14’ என்று எழுதினார்.

ஆராதனை முடிந்தபின் வில்லை வைத்திருந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். உப்பளத்தார் அவ்வரிசையைக் கடந்து போக வேண்டியிருந்தது. வெறுங்கையோடு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். செல்லையா அவர்களைப் பார்த்துவிட்டு, “டோக்கன் இல்லாதவங்களை மேல சேத்துக்கிடமாட்டாங்க போலிருக்கே” என்றான். யாரையும் நோகடிக்க அவன் நினைக்கவில்லை. வரிசை முழுவதும் சிரித்தது. மதுரநாயகமும் சிரித்தார்.

மறுவாரம் அந்தப் பத்தியில் ஒன்பது என்று எழுதினார். அதற்கடுத்த வாரம் நான்கு. மார்ச் மாதத்து மூன்றாம் ஞாயிறு அந்தப் பத்தியில் எழுத எண் எதுவும் இருக்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதினார்.

எண் குறையக் குறைய அவருக்கு மகிழ்ச்சி பெருகியது. ஓர் ஒழுங்கு வந்ததும் ஜனங்கள் எப்படித் தாமாகவே திருந்திக்கொள்கிறார்கள் என்று எண்ணினார். எல்லாரும் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்றே அவர் நம்பினார்.

அடுத்த புதன்கிழமை காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாளிடம் போனார். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரே ஞாயிறு இருந்தது; கமிட்டி கூடுமுன் அம்மாள் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அம்மாள் மருந்துப் பையில் பஞ்சும் துணியும் அடுக்கிக்கொண்டிருந்தார். மதுரநாயகம் நோட்டை விரித்து, அந்தப் பத்தியின்மேல் விரலை வைத்தார்.

“பதினாலு, ஒம்பது, நாலு, இல்லை. பாருங்கம்மா. செருப்பில்லாம வாற ஆளே இப்போ நம்ம சபையில கிடையாது.”

அம்மாள் அந்த எண்களை நெடுநேரம் பார்த்தார்.

“பேச்சியம்மா எப்படி இருக்கா?”

“எந்தப் பேச்சியம்மா?”

“அன்னைக்குப் பஞ்சு பிடிச்சீங்களே.”

மதுரநாயகம் நினைத்துப் பார்த்தார். சுவரில் இருந்த விரிசல்தான் நினைவுக்கு வந்தது.

அம்மாள் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். “செருப்பைக் கழட்டுங்க அண்ணாச்சி. போய்ட்டு வருவோம்.”

அவர் கழற்றினார். அம்மாள் அவருடைய செருப்பைத் தம் கையால் எடுத்து, முதல் அடுக்கின் முதல் அறையில் வைத்தார். ஒன்றாம் எண் வில்லையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அம்மாளும் வெறுங்காலோடுதான் இருந்தார். எப்போதும் அப்படித்தானா, இன்று மட்டும்தானா என்று மதுரநாயகத்துக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் செருப்பு வாசலில் நின்றவருக்கு அது தெரியவில்லை.

உப்பளத்துக்குப் போகும் வழி முழுவதும் வரப்புத்தான். வரப்பில் உடைந்த சிப்பியும் காய்ந்த உப்பும் கலந்து கிடந்தன. வெயில் ஏற ஏற மண் சுட்டது. அம்மாள் ஒரே சீராக நடந்தார். மதுரநாயகம் விரல்களை ஊன்றியும், குதிகாலை ஊன்றியும், ஓரத்துப் புல்லைத் தேடியும் நடந்து பார்த்தார். நடுவில் ஒருமுறை திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தார். ஏழெட்டு வயதுப் பிள்ளைகூட நடக்கிற வழியில் எப்படிக் கேட்பது என்று அடக்கிக்கொண்டார். உப்புப் பாத்திகளை எட்டும்போது அவருடைய இரு பாதங்களிலும் கொப்புளம் எழுந்திருந்தது. ஒன்று உடைந்துமிருந்தது. உடைந்த இடத்தில் உப்பு பட்டபோதுதான் அவருக்கு வலி என்றால் என்னவென்று விளங்கிற்று.

பாத்திக்குள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று சிலர் நீளக் கழியில் மாட்டிய பலகையால் உப்பை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாளைக் கண்டதும் ஒவ்வொருவராகக் கரையேறி வந்தார்கள். அது அவர் மருந்து கட்ட வரும் கிழமை. ஒரு கொட்டகையின் நிழலில் அமர்ந்து அம்மாள் ஒவ்வொரு காலாக மடிமேல் எடுத்து வைத்துக் கட்டினார். மதுரநாயகம் சற்றுத் தள்ளி, தம் காலைத் தாமே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறுதியாக வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் ஞாயிறு தாம் வில்லையை நீட்டித் திரும்ப எடுத்துக்கொண்ட முகம் என்று மதுரநாயகத்துக்குத் தெரிந்தது. பெயர் பேச்சியம்மாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவளிடம் அம்மாள் எதுவும் கேட்கவில்லை. மதுரநாயகமே கேட்டார்.

“மூணு வாரமா ஏம்மா வரல?”

பேச்சியம்மாள் அம்மாளைப் பார்த்தாள். அம்மாள் கட்டுத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“வந்தா அண்ணாச்சி செருப்பு எங்கன்னு கேப்பீங்க” என்றாள். “இந்தப் புண்ணுல செருப்பு வாரு பட்டா உசுரு போயிரும். அதை வாசல்ல நின்னு எல்லார் முன்னாலயும் எப்படிச் சொல்லுறது?”

“முன்னாலயும் செருப்பில்லாமத்தானே வந்தீங்க?”

“முன்னால யாருக்குத் தெரியும்? வாசல்ல அம்புட்டுச் செருப்பு குமிஞ்சு கெடக்கும். எங்களுதும் அதுக்குள்ள எங்கயோ கெடக்குன்னு நெனைச்சுக்கிடுவாங்க.”

குறை சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. மழை வந்தது, பாத்தி கரைந்தது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். மதுரநாயகம் மடியில் இருந்த நோட்டை மூடினார். மூடியே இருந்த நோட்டுத்தான் அது; மறுபடியும் ஒருமுறை மூடினார்.

“அண்ணாச்சி, காலை நீட்டுங்க” என்றார் அம்மாள்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா.”

“நீட்டுங்க.”

அவர் நீட்டினார். அம்மாள் கொப்புளத்தைக் கழுவி மருந்து வைத்தார். “பேச்சி, இந்தப் பஞ்சைக் கொஞ்சம் பிடி” என்றார்.

பேச்சியம்மாள் பஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவருடைய பாதத்தைப் பார்த்தாள். கட்டி முடிகிறவரையில் பார்வையை எடுக்கவில்லை.

“இது பச்சப்புள்ளக் காலுல்லா. வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

கிட்டங்கிக்குத் திரும்புகிற வழியில் மதுரநாயகம் புல்லோரமாகவே நடந்தார். கிட்டங்கியின் கூரை கண்ணுக்குத் தெரிந்தபோது நின்றார்.

“முதல் வாரமே உங்களுக்குத் தெரியுமா?”

“புதன்கெழமதோறும் அங்க போறேனே. தெரியும்.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா அங்க வராமலே அடுக்கை எடுத்திருப்பீங்க.”

“இப்பவும் அதைத்தானே செய்யப் போறேன்?”

அம்மாள் மேலே நடந்தார். மதுரநாயகம் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

அன்று அவருடைய செருப்பு ஒன்றாம் அறையிலேயே இருந்தது. கட்டுப் போட்ட காலில் அது ஏறாது. ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போனார். செருப்பு எங்கே என்று ரூபாவதி கேட்டாள். அந்தக் கேள்வி அவரைச் சுட்டது.

மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். இந்த ஊழியத்துக்குத் தாம் தகுதியில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமையோடு விலகிக்கொள்வதாகவும், பிழை திருத்தி இருமுறை நகல் எடுத்து எழுதிய கடிதம். அம்மாள் அதைப் பிரிக்கவில்லை. நேரே அடுக்குக்குப் போய், ஒன்றாம் அறையில் செருப்பின்மேல் வைத்தார்.

“ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும்.”

“அடுக்கை உடைச்சிரவாம்மா?”

“நல்ல பலகை அண்ணாச்சி. எதுக்கு உடைக்கணும்?”

வெள்ளியும் சனியும் மதுரநாயகத்துக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார்; எழுந்தால் நொண்டி நொண்டி முற்றத்தைச் சுற்றினார். ஞாயிறு விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கிட்டங்கிக்குப் போய்ச் சேர்ந்தார். தனி ஆளாக நான்கு அடுக்குகளையும் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். வில்லைகளைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டார். பிறகு கட்டுப் போட்ட வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றார்.

ஜனங்கள் வந்தார்கள். அடுக்குகள் திரும்பி நிற்பதைக் கண்டு திகைத்தார்கள். மறுபடியும் குவியலிலா தேடுவது என்று சிலர் முகம் சுளித்தார்கள். அன்று மெச்சிய கமிட்டி உறுப்பினர், இன்றைக்கு உமது நியமனத்தைப் பற்றிப் பேச இருக்கிற வேளையில் ஏன் இப்படிச் செய்தீர் என்று தனியாக அழைத்துக் கேட்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் மதுரநாயகத்தின் மானம் தப்பியிருக்கும். உப்பளத்துப் பெண்களின் கால் புண்ணைச் சொல்லாமல் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. வேண்டாம் என்று தோன்றியது, எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். உறுப்பினர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

செல்லையா டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். “என்ன அண்ணாச்சி, ஸ்டேஷனை மூடிட்டீங்களா?”

“மூடியாச்சு” என்றார் மதுரநாயகம்.

செருப்புகள் குவிந்தன. பாட்டுத் தொடங்கியது. அவர் செருப்பைப் பார்க்கவில்லை. உப்பளத்து வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதற்பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டும் முடிந்தது. வழியில் வெயிலைத் தவிர எதுவும் இல்லை. பேனா மூடியைத் திறந்து மூடப் பையைத் தடவினார். பேனாவை அன்று கொண்டு வரவில்லை.

மூன்றாம் பாட்டின் நடுவில் வரப்பின்மேல் மூன்று தலைகள் தெரிந்தன. முன்னால் பேச்சியம்மாள். பந்தல் நிழலுக்கு வெளியே வந்து நின்றாள். குவியலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து நின்ற அடுக்குகளையும் பார்த்தாள். பிறகு அவருடைய காலைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி செருப்பு எங்க?”

“போட முடியலம்மா.”

“எனக்கும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். மதுரநாயகம் அவர்களிடம் பெயர் கேட்டார். ஒருவர் உச்சிமாகாளி, மற்றவர் அவருடைய தங்கை சண்முகக்கனி. அந்தப் பெயர்களை மதுரநாயகம் எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

பதினான்கு பேரில் மூவர் வந்தார்கள். மற்றவர்கள் அன்று வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் ஜனங்கள் குனிந்து தேடினார்கள். இடக்காலும் வலக்காலும் மாறின. ஏச்சும் சிரிப்புமாக வாசல் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் மூன்று பேர் வெறுங்காலோடு வெளியேறி வரப்பில் இறங்கினார்கள். மதுரநாயகத்தைத் தவிர வேறு எவரும் அதைக் கவனிக்கவில்லை.

கமிட்டி கூடி முடிந்தது. அடுக்கு விஷயத்தில் இரண்டொருவருக்கு மனக்குறை இருந்தாலும் நியமனத்தை மறுக்கவில்லை என்று அம்மாள் வந்து சொன்னார். எந்த வேலைக்கு என்று எழுதும் இடத்தை மறுபடியும் வெற்றிடமாகவே விட்டிருந்தார்கள்.

வாசலில் அவ்விருவரும் மட்டும் நின்றார்கள்.

“மூணு மாசம் முடிஞ்சிட்டும்மா. என் வேலை என்னன்னு நீங்க இதுவரைக்கும் சொல்லல.”

ஞானப்பூ அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒன்றாம் எண் வில்லையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“செருப்பும் இருக்கு, கடிதாசியும் இருக்கு. எடுத்துக்கிடுதீங்களா?”

மதுரநாயகம் வில்லையைப் பார்த்தார். தாமே சொல்லிப் பொறிக்க வைத்த எண், வெயிலில் பளபளத்தது. அவருடைய கை சட்டைப் பைக்கு அருகில் போயிற்று, கீழே இறங்கிற்று, பிறகு முதுகுக்குப் பின்னால் சென்று மற்றக் கையைப் பிடித்துக்கொண்டது.

பந்தலின் ஓரத்தில், வெயிலும் நிழலும் சந்திக்கிற கோட்டில், இதுவரை சபைக்கு வந்திராத ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். ஆராதனை முடிந்துவிட்டதா என்று கேட்கக் கூச்சப்பட்டவள்போல் உள்ளே பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். ஒரு காலை மற்றக் காலின்மேல் வைத்து மறைத்திருந்தாள்.

அம்மாள் வில்லையை மறுபடியும் முந்தானையில் முடிந்தார்.

“யாரோ நிக்காங்க. பாருங்க அண்ணாச்சி.”